சீனியின் முதுகில் ஒரு கட்டி

கினிப்பன்றி என்ற சொல்லை எங்கள் ஊரில் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளைக்கு அண்மையில், ஏறக்குறைய எல்லாமே முஸ்லிம் வீடுகளாக உள்ள சிறு கிராமம் எங்களுடையது. சொல்லின் பின்பாதி காதில் விழுந்ததும் முகம் சுளிப்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்தப் பெயரின் இரண்டு பாதிகளுமே பிழையானவை.

அதன் பூர்வீகம் ஆபிரிக்காவின் கினி நாடு அல்ல. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை இறைச்சிக்காக வீட்டுக்குள்ளேயே வளர்த்து வந்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுபோன பிறகு ஒவ்வொரு மொழிக்காரரும் தத்தமக்குத் தோன்றியபடி பெயர் வைத்தார்கள். ஜேர்மானியர் கடற்பன்றிக்குட்டி என்றார்கள். பிரெஞ்சுக்காரர் இந்தியப் பன்றி என்றார்கள். தமிழுக்கு ஆங்கிலத்தின் வழியாகக் கினிப்பன்றி வந்து சேர்ந்தது. உண்மையில் அது எலி, அணில் வகையைச் சேர்ந்த கொறித்துண்ணி. புல்லும் இலையும் தின்று வாழ்வது.

வன்னியில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு சுலபமான வழி இருக்கிறது. மரவள்ளித் தோட்டத்தை இரவோடிரவாகக் கிண்டிப்போட்டுப் போகும் முள்ளம்பன்றியை எல்லோரும் அறிவோம். பெயரில் பன்றி இருந்தாலும் அதற்கும் பன்றிக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. அதுவும் ஒரு கொறித்துண்ணிதான். விலங்கியலாளர்கள் கினிப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் ஒரே பெரிய குடும்பக் கிளையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த விலங்கியலில் இந்த ஒரு செய்தி, பரீட்சைக்கு வெளியே எனக்குப் பயன்பட்டது இருபது வருடங்களுக்குப் பிறகுதான்.

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. 2019ஆம் ஆண்டின் கடைசியில் அவளுடைய உம்மா குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது, வவுனியாவில் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவை. இரண்டும் பெட்டை. வெள்ளை நிறத்தவளுக்குச் சீனி என்றும், மண்ணிறமும் கறுப்பும் கலந்து மயிர் சிலிர்த்து நிற்பவளுக்குப் பஞ்சு என்றும் பிள்ளை பெயர் வைத்திருந்தாள். “நான் வரும்வரைக்கும் பாத்துக்கோ” என்று உம்மா சொன்னதை அவள் ஒரு அமானிதமாகவே எடுத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொன்ன உம்மா கொரோனாவாலும் பிறகு கடனாலும் அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும்போது, முதலில் சீனியையும் பஞ்சுவையும் காட்டச் சொல்லித்தான் கேட்பாராம்.

பிள்ளையை வளர்த்தவர் உம்மம்மா. பெயர்க் குழப்பத்தில் முதலில் சங்கடப்பட்டவரும் அவரே. அக்கம்பக்கத்தார் ஏதோ சொல்ல, பள்ளிவாசல் மௌலவியிடம் விடயம் போனது. மௌலவி கைத்தொலைபேசியில் இருந்த படத்தை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு, “முள்ளம்பன்றிக்குப் பன்றி எண்டு பேர் வெச்ச ஆக்கள்தானே இதுக்கும் வெச்சிருக்காங்க. பிள்ளை வளர்க்கட்டும். பட்டினி போடாமப் பாத்துக்கொள்ளச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

2022 மார்ச் மாதத்தில் வேறொரு பேச்சு தொடங்கியது. சீனியின் பின்முதுகில், வால் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கட்டி. கடலைப் பருப்பளவு. மயிரை விலக்கினால்தான் தெரியும். பிள்ளை குளிப்பாட்டும்போது கைக்குப் பட்டிருக்கிறது. அடுத்த நாள் இடைவேளையில் வந்து, “சேர், சீனிட முதுகுல ஒரு கட்டி. உம்மம்மா காட்டுல கொண்டுபோய் விடச் சொல்றாங்க” என்றாள். அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். உம்மம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

“மகன், இது மாட்டு அம்மைதான். ரெண்டு வருசத்துக்கு முந்தி மாடெல்லாம் எப்பிடிக் கெடந்திச்சு எண்டு பாத்தீங்கதானே. பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டா நான் அவட உம்மாவுக்கு என்ன பதில் சொல்ற?”

அந்தப் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு வரலாறு இருந்தது.

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில்தான் மாடுகளைத் தாக்கும் தோல் கழலை நோய் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. அது வெளிப்பட்டது எங்கள் வட மாகாணத்தில். முதலில் கடும் காய்ச்சல். பிறகு கழுத்திலும் முதுகிலும் மடியிலும் கால்களிலும் உருண்டை உருண்டையாகக் கட்டிகள். சில நாட்களில் அவை உடைந்து ஆழமான புண்ணாகும். பால் வற்றும். சினைமாடு கன்றை வீசும். மனிதர்களின் பெரியம்மையை உண்டாக்கிய வைரசுக்கு உறவான, ஆனால் வேறான ஒரு வைரசு இதற்குக் காரணம். 1929இல் இன்றைய சாம்பியாவில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய் பல தசாப்தங்கள் ஆபிரிக்காவுக்குள்ளேயே இருந்தது. பின்னர் மத்திய கிழக்குக்கும், 2015இல் ஐரோப்பாவின் கிரேக்கத்துக்கும், 2019இல் பங்களாதேசுக்கும் இந்தியாவுக்கும் வந்து, அடுத்த வருடமே எங்கள் பட்டிகளில் நின்றது. 2022இல் இராஜஸ்தான், குஜராத் பக்கங்களில் அது மோசமாகப் பரவியபோது இந்தியாவில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மாடுகள் இறந்தன.

நுளம்பும் மாட்டு ஈயும் உண்ணியும் இந்த வைரசைக் காவிச் செல்கின்றன. வைரசைக் கொல்ல மருந்தில்லை. நோய் கண்ட மாட்டைப் பிரித்துக் கட்டுவது, பட்டிக்குப் புகை போடுவது, காய்ச்சலையும் வலியையும் தணிப்பது, புண்ணில் வேறு கிருமி தொற்றாமல் பார்ப்பது, நோய் வராத மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது, இவ்வளவுதான் செய்யக்கூடியவை. பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நாட்களில் ஊரடங்கும் கொரோனாப் பயமும் சேர்ந்திருந்தன. ஆளாளுக்கு ஒரு வைத்தியம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியவர்கள் மாட்டுக்குத் தீங்கு செய்யவில்லை. கட்டிக்குக் கட்டி காய்ச்சிய கம்பியால் குறி சுட்டவர்களின் மாடுகள் நோயாலும் சூட்டுப் புண்ணாலும் இரண்டு தடவை துன்பப்பட்டன. சுட்ட இடத்தில் புழு வைத்த ஒரு நாம்பன் என் வேலியோரத்தில் மூன்று நாள் படுத்துக் கிடந்தது. ஊருக்குள் கட்டி என்ற சொல்லுக்கே ஒரு நாற்றம் ஏறிவிட்டிருந்தது.

உம்மம்மாவுக்கு நான் சொன்னது இரண்டே விடயங்கள். மாட்டு அம்மை மாட்டுக்கும் எருமைக்கும் வரும் நோய், மனிதருக்கு அது தொற்றாது. மற்றது, சீனிக்குக் காய்ச்சலும் இல்லை, கட்டியும் ஒன்றுதான், தீன் தின்கிறாள், ஓடுகிறாள், அதனால் நாலு கிழமை பார்ப்போம்.

“பாத்து?” என்றார்.

“அளப்போம் மாமி.”

மறுநாள் பிள்ளை ஒரு பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நிரல்கள் போட்டுக்கொண்டு வந்தாள். திகதி, இடம், அளவு, நிறை, தொட்டால் எப்படி, தின்கிறதா, பெயர் என்று ஏழு நிரல்கள். முதல் அளவு 9 மில்லிமீற்றர். கடைத் தராசில் சீனியின் நிறை 840 கிராம். கினிப்பன்றிக்கு வாரம் ஒருமுறை நிறை பார்ப்பது மிகவும் பயனுள்ள பழக்கம். மற்ற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி என்பதால் அது நோயைக் கடைசிவரை மறைக்கும். முகத்தில் தெரியாதது தராசில் தெரிந்துவிடும்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஊசியைக் காய்ச்சிக் குத்தச் சொன்னார் ஒருவர். குதிரை மயிரால் இறுக்கிக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்றார் இன்னொருவர். குதிரைக்கு எங்கே போவது என்பதை அவர் சொல்லவில்லை. சுண்ணாம்பு வைக்கச் சொன்னார்கள், பிதுக்கி எடுக்கச் சொன்னார்கள். பிதுக்குவதுதான் இவற்றுள் மிகவும் ஆசை காட்டுவது. ஏனென்றால் கட்டியின் நடுவில் ஊசிமுனையளவு துவாரம் ஒன்று தெரிந்தது. அதன் வழியாக மெழுகு போன்ற சாம்பல்நிறப் பசை சில நாட்களில் எட்டிப் பார்த்தது. அதில் ஒன்றிரண்டு மயிரும் இருந்தது. அதைப் பிதுக்கினால் உள்ளேயிருக்கும் பை தோலுக்கடியில் உடைந்து, பசை சுற்றியுள்ள தசைக்குள் பரவி, இல்லாத அழற்சியையும் சீழையும் உண்டாக்கிவிடும். யாரையும் தொடவிடாமல் பிள்ளை காவல் இருந்தாள்.

ஒருநாள், நல்லெண்ணத்தோடுதான், உறவினர் ஒருவர் பார்மசியில் வாங்கிய அமொக்சிசிலின் குளிசைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். குளிசைக் கூட்டைத் திறந்து, தூளில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் கட்டி வற்றும் என்று. பிள்ளை கொடுக்கவில்லை. அடுத்த நாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அன்று அந்த வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு வேறொரு பாடம் நடத்தினேன்.

1940 மே 25ஆம் திகதி ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் ஃபுளோரியும் அவருடைய குழுவினரும் எட்டு சுண்டெலிகளுக்குக் கொல்லும் பற்றீரியாவை ஏற்றினார்கள். நாலுக்குப் பெனிசிலின் கொடுத்தார்கள், நாலுக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் பெனிசிலின் பெறாத நாலும் செத்துக் கிடந்தன. பெற்றவை உயிரோடிருந்தன. உலகத்தின் வைத்தியமே அந்த இரவில் மாறியது. இந்தப் பரிசோதனை சுண்டெலியில் நடந்தது ஒரு நற்பேறு. ஏனெனில் சில வருடங்களுக்குள்ளேயே, 1943இல், பெனிசிலின் கினிப்பன்றிகளைக் கொல்வது தெரியவந்தது. புல்லைச் செரிக்க அவற்றின் குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களைப் பெனிசிலினும் அமொக்சிசிலின் போன்ற அதன் உறவு மருந்துகளும் அழித்துவிடுகின்றன. இடம் காலியானதும் நச்சுப் பற்றீரியாக்கள் பெருகி, வயிற்றோட்டம் கண்டு, சில நாட்களில் பிராணி இறந்துவிடும். முதல் சோதனையைக் கினிப்பன்றியில் செய்திருந்தால் பெனிசிலினை நஞ்சென்று தூக்கி வீசியிருக்கவும் கூடும். எங்கள் பிள்ளைகளின் காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே குளிசை சீனிக்கு எமனாகியிருக்கும். மருந்து என்ற சொல் தனியாக நின்று பொருள் தராது, எந்த நோய்க்கு, எந்த உயிருக்கு என்பதும் சேர்ந்தால்தான் அது மருந்து. பிள்ளைகள் இதை எழுதிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும், “அப்ப சேர், அந்த நாலு எலியும் பாவம்தானே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஏப்ரலில் கட்டி 14 மில்லிமீற்றரானது. மிருக வைத்தியரிடம் போவதென்று முடிவெடுத்தோம். நாட்டில் பெற்றோல் இல்லாத நாட்கள். ஓட்டோவுக்குக் கேட்ட காசில் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டி, ஈரச்சாக்கை மேலே போட்டு, வெயில் ஏறுமுன் புறப்பட்டேன். குளிர்மலைப் பிராணிக்கு வன்னிச் சித்திரை வெயில் கட்டியைவிடப் பெரிய ஆபத்து. பிள்ளை தன் சைக்கிளில் முன்னால் போனாள். கூடையில் பஞ்சுவையும் ஏற்றியிருந்தாள். தனியாக விட்டால் இரண்டும் தீன் தின்னாதாம்.

அரச மிருக வைத்தியசாலையில் மாடும் ஆடும் வரிசையில் நின்றன. வைத்தியர் இளம் பெண். கூடையைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மேசையில் வைத்த பிறகு சீனியை ஒரு எருமைக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு பரிசோதித்தார். அவர் கேட்ட கேள்விகள் என் நினைவில் இருக்கின்றன. எப்போது வந்தது? எவ்வளவு வேகமாக வளர்ந்தது? சுடுகிறதா? தொட்டால் கத்துகிறதா? தோலோடு நகர்கிறதா, கீழே ஒட்டியிருக்கிறதா? வேறெங்கும் இருக்கிறதா? பிள்ளை கொப்பியை நீட்டினாள். வைத்தியர் அதை முழுவதும் வாசித்தார்.

“சேர், பெரிய பண்ணைக்காரரும் இப்பிடி எழுதிக் கொண்டு வாறேல்ல” என்றார்.

பிறகு எங்கள் இருவருக்கும் விளக்கினார். கினிப்பன்றியின் தோலில் வரும் கட்டிகளுக்குப் பல பெயர்கள். திடீரென வந்து, சூடாக, தொட்டால் நோகும் மெத்தென்ற கட்டி பெரும்பாலும் சீழ்க்கட்டி. ஒன்றையொன்று கடித்த காயத்திலோ வைக்கோல் குத்திய இடத்திலோ வரும். இதன் சீழ் தடித்துப் பாற்கட்டி போலிருப்பதால் தானாக வடியாது. வெட்டித் திறந்து, கழுவி, முடிந்தால் பையோடு எடுக்க வேண்டும். தாடைக்குக் கீழே கழுத்தில் வருவது நிணநீர்க் கணுவில் ஸ்ரெப்ரோகொக்கசு பற்றீரியா புகுந்ததாக இருக்கலாம். மெதுவாக வளர்ந்து, தோலுக்கடியில் வழுக்கி ஓடுவது கொழுப்புக்கட்டி. முலைக்காம்பருகே வருவது, ஆணோ பெண்ணோ, கவலைக்குரியது. அதைத் தாமதிக்கக்கூடாது. மயிர் வட்டமாகக் கொட்டிச் செதில் வந்தால் அது கட்டியே அல்ல, படர்தாமரை. அது மட்டும் பிள்ளைகளுக்கும் தொற்றும், கை கழுவ வேண்டும். பின்முதுகில் மெழுகு தெரிந்தால் சில வேளை அது நோயாகவே இராது. அந்த இடத்தில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. ஆண்களில் அது பெரிது. அழுக்கேறினால் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

“இது பெட்டை. சுரப்பிக்கு மேலால இருக்கு. நடுவில வாய். மயிர்க்கால்ல வாற கட்டி எண்டுதான் நினைக்கிறன். இதுகளுக்குத் தோல்ல வாற கட்டிகள்ல கூட வாறது இதுதான். ஆனா நினைக்கிறது காணாது.”

மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, உறிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பிள்ளையையும் பார்க்கவிட்டார். சீழ்க் கலங்கள் கூட்டமாக இல்லை, பற்றீரியா இல்லை. கெரற்றின் செதில்களும் மயிர்த் துண்டுகளும்தான் இருந்தன. பயப்படத் தேவையில்லை, ஆனால் தானாகப் போகாது, பெரிதாகி உடையும், வெட்டியெடுத்தால் சுகம் என்றார். மயக்கமருந்துக்குத் தட்டுப்பாடு. இந்தச் சின்ன உடம்புக்குக் கிடைத்ததைக் கொடுத்துப் பரீட்சிக்க அவர் விரும்பவில்லை. மருந்து வந்ததும் சொல்வதாகவும், அதுவரை அளந்து வரும்படியும், வேகமாக வளர்ந்தாலோ உடைந்தாலோ தின்னாவிட்டாலோ உடனே வரும்படியும் சொன்னார்.

அந்த இடைக்காலத்துக்கு அவர் தந்த மருந்து கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் கறிமிளகாயும். மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடம்பும் விற்றமின் சியைத் தானாக உண்டாக்காது. 1907இல் நோர்வேயில் ஹோல்ஸ்ற், ஃபுரோலிக் என்ற இரு வைத்தியர்கள் கினிப்பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கேவி நோய் வந்தது. மாலுமிகளைக் கொன்ற நோயின் காரணம் பிடிபட அதுவே வழிதிறந்தது. அந்த விற்றமின் இல்லாமல் வெட்டிய காயம் ஆறாது. எங்கள் பாடசாலை வளவுக் கொய்யா மரத்தில் அந்த வருடம் ஒரு பழத்தையும் அணில் தின்ன விடவில்லை.

ஓகஸ்ற் மாதத்தில் செய்தி வந்தது. கட்டி 21 மில்லிமீற்றர். சத்திரசிகிச்சைக்கு முன் மாட்டையோ நாயையோ போல் பட்டினி போடக்கூடாதென்றார் வைத்தியர். கினிப்பன்றி வாந்தியெடுக்காது. அதன் குடல் சில மணித்தியாலம் சும்மா இருந்தாலே நின்றுவிடும் அபாயமுண்டு. வெந்நீர்ப் போத்தல்கள் இரண்டைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்தார்கள். மயிரை வழித்து, சுற்றிலும் மரக்கச் செய்து, கட்டியைப் பையோடு முழுதாக எடுத்தார். நாலு தையல். அரை மணித்தியாலம் இராது. பிள்ளை வெளியே வாங்கில் பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். சீனி கண்விழித்து முதல் புல்லைக் கடித்த நேரத்தைக் கொப்பியில் எழுதியிருக்கிறாள்: 11.40.

கட்டியை ஃபோமலினில் போட்டுப் பேராதனைக்கு அனுப்பினார் வைத்தியர். சில கிழமைகளில் பதில் வந்தது. மயிர்க்கால் கழலை, தீங்கற்றது, முழுதாக எடுக்கப்பட்டுள்ளது. பெயர் என்ற நிரலில் ஐந்து மாதமாக இருந்த கேள்விக்குறியைப் பிள்ளை அழிறப்பரால் அழித்தாள். அந்த வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து உம்மா பார்த்தது, முதுகில் மயிர் முளைக்காத ஒரு வட்டத்தோடு கரட் இலை தின்றுகொண்டிருந்த சீனியை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். 2023 ஜனவரியில் பஞ்சு மெலியத் தொடங்கினாள். தராசு சொன்னது. முதல் வாரம் 30 கிராம், அடுத்த வாரம் 55. தாடைக்குக் கீழே இரு பக்கமும், தோள் முன்னால், தொடைச்சந்தில், ஒரே அளவான கட்டிகள். சுடவில்லை, நோகவில்லை. மீண்டும் அதே பாதை, அதே கூடை, அதே ஊசி. இம்முறை வைத்தியர் நுணுக்குக்காட்டியிலிருந்து தலையெடுக்க நேரம் சென்றது. நிணநீர்க் கலங்களில் வந்த புற்றுநோய். வெட்டியெடுக்க ஒரு இடத்தில் இல்லை. கொடுக்க மருந்தில்லை.

என்னைத்தான் பார்த்துச் சொன்னார். ஆனால் கேட்டது பிள்ளை.

“அப்ப வெட்ட ஏலாதா டொக்டர்?”

“இல்லையம்மா. நோகாமப் பாத்துக்கொள்ளலாம். தின்னுறவரைக்கும் விருப்பமானதைக் குடுங்கோ.”

பஞ்சு பதினாறு நாள் இருந்தாள். பிள்ளை ஒவ்வொரு நாளும் எழுதினாள். கடைசி நாலு நாட்களில் அளவு நிரலைக் காலியாக விட்டு, தின்கிறதா என்ற நிரலை மட்டும் நிரப்பியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை உம்மாவுக்கு அவளே சொன்னாளாம். என்ன நோய் என்று உம்மா கேட்க, பெயரைச் சொல்லி, ஏன் வெட்ட முடியவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறாள். அமானிதத்தில் பாதி போய்விட்டதே என்று அவள் நினைக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. என்ன நடந்தது என்று தெரியாமல் இறந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பாள். நோய்க்குப் பெயர் தெரிந்தால் எல்லா உயிரும் பிழைக்கும் என்பதில்லை. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று கைகழுவி எழும்பவாவது அது உதவும்.

உம்மம்மா இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பஞ்சு மௌத்தாகி ஒரு மாதமிருக்கும். அவர் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய்த் தன் அக்குளில் வருடக்கணக்காக இருக்கும் ஒரு கட்டியைக் காட்டியிருக்கிறார். மகளுக்கும் சொல்லாத கட்டி. என் மனைவியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனதால் எனக்குத் தெரியவந்தது. கிளினிக்கில் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். கொழுப்புக்கட்டி. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். “சீனிக்குக் குத்தின அதே ஊசிதான்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். “எழுதுங்க மகன், பேரைப் போடாதீங்க” என்றார். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். நேரத்தோடு பிடித்தால் சுகப்படுத்தக்கூடியது. எங்கள் வீடுகளில் வெட்கத்தாலும் பயத்தாலும் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைக்கப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவையாக இருக்கலாம். எது ஒன்றுமில்லாதது என்பதை மறைத்து வைத்துக்கொண்டு அறிய முடியாது.

அந்தக் கணக்குக் கொப்பி இப்போது வகுப்பு அலுமாரியில் இருக்கிறது. முதலாவது முடிந்து மூன்றாவது கொப்பி நடக்கிறது. பிள்ளை உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எழுதுகிறார்கள். ஆடுகள் வந்துவிட்டன, கோழிகள் வந்துவிட்டன. ஒரு சேவலின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் வந்த கொப்புளங்களுக்குக் கோழியம்மை என்று பெயர் கிடைத்தது. நுளம்பு காவுவது, தடுப்பூசி உள்ளது. பக்கத்து வீட்டுக் கிடாயின் தாடைக் கட்டியைக் குறி சுடவிடாமல் ஒரு பையன் இரண்டு நாள் மறித்து வைத்திருந்து, வைத்தியரிடம் காட்டிச் சீழ் எடுப்பித்தான். எல்லாக் கட்டிக்கும் இப்படி விடை வந்துவிடவில்லை. பெயர் என்ற நிரலில் பல இடங்களில் பிள்ளைகளின் கோணல் எழுத்தில், ‘தெரியாது, டொக்டரிடம் கேட்க வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கிறது.